கிரெடிட்: ஒரு சொல், பல கணக்கு



நம் கடைகளில் ஒரு காலத்தில் கல்லாவுக்கு மேலே ஒரு அட்டை தொங்கும். "இன்று ரொக்கம், நாளை கடன்" என்று எழுதியிருக்கும். சில கடைகளில் "கடன் அன்பை முறிக்கும்" என்று இருக்கும். அட்டை தொங்கிய கடையிலேயே மேசைக்கு உள்ளே நீளமான பாக்கி நோட்டும் இருக்கும். கடன் கொடுக்காமல் வியாபாரம் செய்தவர் நம் இராமநாதபுரம் சீமையில் யாரும் இல்லை. மழையை நம்பி மிளகாய் போடும் ஊரில் ரொக்கத்துக்கு மட்டும்தான் விற்பேன் என்றால் கடையைப் பூட்டிவிட்டுக் கோயில் வாசலில் உட்கார வேண்டியதுதான்.

அந்தக் "கடன்" என்ற சொல்லுக்குப் பதிலாக இன்று எல்லோர் வாயிலும் வருவது "கிரெடிட்" என்ற ஆங்கிலச் சொல். கடைப் பையன் சொல்கிறான், கம்பெனி சேல்ஸ்மேன் சொல்கிறார், வங்கி சொல்கிறது, ஆடிட்டர் சொல்கிறார், கைபேசியில் குறுஞ்செய்தி சொல்கிறது. ஆனால் எல்லோரும் ஒரே பொருளில் சொல்வதில்லை. ஒருவர் சொல்லும்போது நாம் பணம் கொடுக்க வேண்டும் என்று பொருள். இன்னொருவர் சொல்லும்போது நமக்குப் பணம் வந்தது என்று பொருள். இந்த வேறுபாடு தெரியாமல் பணத்தை இழந்தவர்கள் உண்டு. அவர்களில் நானும் ஒருவன் என்பதால்தான் இதை எழுதுகிறேன். நான் படித்தது எஸ்.எஸ்.எல்.சி. வரைதான். ஆங்கிலப் பண்டிதன் அல்ல. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உத்தரகோசமங்கையில் மொத்த வியாபாரம் செய்ததில் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம் இது.

நான் கட்டிய கல்விக் கட்டணம்

1986-ஆம் ஆண்டு. வெளியூர் எண்ணெய் ஆலை ஒன்றிலிருந்து கடலை எண்ணெய் டின் வரவழைத்தேன். லாரியில் வந்ததில் 8 டின் ஒழுகிப் பாதி காலி. டிரங்கால் போட்டு ஆலைக்குச் சொன்னேன். "பார்க்கிறோம்" என்றார்கள். இரண்டு வாரம் கழித்துத் தபாலில் ஒரு தாள் வந்தது. மேலே "கிரெடிட் நோட்" என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. கீழே என் கடையின் பெயர், 2,640 ரூபாய்.

பள்ளிக்கூடத்தில் எனக்குச் சொல்லிக் கொடுத்தது கிரெடிட் என்றால் கடன் என்பது. ஆகவே இது கடன் சீட்டு, நம் புகாரை ஏற்காமல் நம் பெயரில் இன்னும் 2,640 ரூபாய் பாக்கி இருக்கிறது என்று எழுதி அனுப்பிவிட்டார்கள் என்று நினைத்தேன். வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்த லோடு நிற்குமே என்ற பயத்தில் வங்கியில் டிராப்ட் எடுத்து அனுப்பிவிட்டேன்.

வருடக் கணக்கு முடிக்கும்போது ஆடிட்டர் அந்தத் தாளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "தம்பி, இது அவர் உங்களுக்குத் தர வேண்டிய பணத்துக்கு எழுதிக் கொடுத்த சீட்டு. இதற்கு நீங்களே பணம் அனுப்பியிருக்கிறீர்களே" என்றார். வர வேண்டியது 2,640, அநாவசியமாகப் போனது 2,640. ஆக 5,280 ரூபாய். ஆலைக்கு எழுதினேன். அதற்குள் ஆலை கைமாறிவிட்டது. புது முதலாளி பழைய கணக்குக்குத் தாம் பொறுப்பில்லை என்று ஒரு வரியில் பதில் போட்டார். அவ்வளவுதான், கதை முடிந்தது. அன்றைக்கு அது எனக்குச் சின்னத் தொகை அல்ல.

ஆடிட்டர் அன்று ஒரு கேள்வியைச் சொல்லிக் கொடுத்தார். "கிரெடிட் என்ற சொல் வந்தால் உடனே பொருள் தேடாதீர்கள். முதலில், இது யாருடைய ஏட்டில் எழுதியது என்று கேளுங்கள்" என்றார். இந்தக் கட்டுரை முழுவதும் அந்த ஒரு கேள்வியின் விரிவுதான்.

வேர் எங்கே?

கிரெடிட் என்பது லத்தீன் மொழியிலிருந்து வந்தது. அங்கே அதன் வேர்ச்சொல்லுக்கு "நம்புதல்" என்று பொருள். பணத்தையோ பொருளையோ நம்பிக் கொடுப்பது கிரெடிட். அப்படிக் கொடுத்தவர் கிரெடிட்டர். இத்தாலி நாட்டு வணிகர்கள் எழுதி வந்த இரட்டைப் பதிவுக் கணக்கு முறையை லூக்கா பச்சோலி என்ற துறவி 1494-இல் வெனிஸ் நகரில் அச்சான தம் நூலில் விளக்கினார். டெபிட், கிரெடிட் என்று இரண்டு பக்கம் வைத்து எழுதும் அந்த முறைதான் உலகமெங்கும் பரவியது.

நம்மிடமும் இதற்கு ஈடான சொற்கள் உண்டு. பேரேட்டில் ஒவ்வொருவர் பெயரிலும் பற்று, வரவு என்று எழுதுகிறோம். வாடிக்கையாளர் சரக்கு எடுத்தால் அவர் பெயரில் பற்று. பணம் கொடுத்தால் வரவு. பற்று என்பது டெபிட், வரவு என்பது கிரெடிட்.

குழப்பம் இங்கேதான் பிறக்கிறது. "அவருக்குக் கிரெடிட்டில் சரக்கு கொடுத்தேன்" என்று வாயால் சொல்கிறோம். அதே சரக்கை ஏட்டில் அவர் பெயருக்கு டெபிட் என்று எழுதுகிறோம். வாயில் கிரெடிட், ஏட்டில் டெபிட். இரண்டும் சரிதான். வாயால் சொல்வது கடன் என்ற பொருளில். ஏட்டில் எழுதுவது வரவு, பற்று என்ற பொருளில். நம்பிக் கொடுத்தது நாம். ஆகவே அவருடைய ஏட்டில் நம் பெயருக்குத்தான் கிரெடிட் விழும். யார் நம்பிக் கொடுத்தாரோ அவர் பெயருக்குக் கிரெடிட். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற பொருள்கள் எல்லாம் தாமாகவே பிடிபடும்.

ஆலையின் கிரெடிட் நோட்டுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். ஆலை தன் ஏட்டில் என் பெயருக்கு 2,640 வரவு வைத்தது. அதைத் தெரிவிக்கும் தாள் அது. விற்றவரிடமிருந்து கிரெடிட் நோட் வந்தால் நம் பாக்கி குறைகிறது. டெபிட் நோட் வந்தால் நம் பாக்கி கூடுகிறது. இதைக் கடைப் பையன்களுக்கும் சொல்லி வையுங்கள்.

வங்கிச் சீட்டில் கிரெடிட்

வங்கிக் கணக்கு விவரத்தில் சி.ஆர்., டி.ஆர். என்று இரண்டு எழுத்துக் குறிகள் இருக்கும். சி.ஆர். என்றால் கிரெடிட். டி.ஆர். என்றால் டெபிட். அந்தத் தாள் வங்கியின் ஏடு, நம் ஏடு அல்ல. நாம் வங்கியை நம்பிப் பணம் போட்டிருக்கிறோம். அந்தப் பணத்தை வங்கி நமக்குத் திருப்பித் தர வேண்டும். ஆகவே வங்கியின் ஏட்டில் நம் பெயருக்குக் கிரெடிட். நம் ஏட்டில் வங்கி நமக்குக் கடன்பட்டவர். ஆகவே வங்கியின் பெயருக்குப் பற்று எழுதுவோம். ஒரே பணம் இரண்டு ஏட்டில் எதிரெதிர்ப் பக்கத்தில் நிற்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சரிபார்க்கும்போது பலர் தடுமாறுவது இதனால்தான்.

நடப்புக் கணக்கில் கடைசி இருப்பு சி.ஆர். என்றால் பணம் நம்முடையது. டி.ஆர். என்றால் நாம் வங்கிக்குத் தர வேண்டியது.

அடுத்தது "கேஷ் கிரெடிட்" கணக்கு. நாம் சி.சி. என்போம். பெயரில் கேஷ் இருக்கிறது, கிரெடிட்டும் இருக்கிறது. ஆனால் நம் பணம் ஒரு காசு இல்லை. சரக்கையும் வர வேண்டிய பாக்கியையும் ஈடு காட்டி வங்கி தரும் கடன் அது. 5 லட்சம் வரம்பு கொடுத்து, நாம் 3 லட்சம் எடுத்திருந்தால், இன்னும் 2 லட்சம் கிரெடிட் இருக்கிறது என்று வங்கியில் சொல்வார்கள். அது இன்னும் 2 லட்சம் கடன் வாங்கலாம் என்பதற்குப் பெயர். அதைச் சேமிப்பாக நினைத்து மகள் கல்யாணத்துக்கு எடுத்துவிட்டு, சரக்கு வாங்கும் பருவத்தில் கையைப் பிசைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சி.சி. கணக்கில் இன்னொரு விதி உண்டு. தொடர்ந்து 90 நாள் எந்த வரவும் விழாமல் போனாலோ, விழுந்த வரவு வட்டிக்குப் போதாமல் இருந்தாலோ, பாக்கி வரம்புக்கு மேலேயே 90 நாள் நின்றாலோ அந்தக் கணக்கு வாராக்கடன் பட்டியலுக்குப் போய்விடும். வேடிக்கையாகச் சொன்னால், கேஷ் கிரெடிட்டில் கிரெடிட் விழாவிட்டால் நம் கிரெடிட் போய்விடும். முதல் கிரெடிட் கடன். இரண்டாவது வரவு. மூன்றாவது நாணயம். ஒரே வாக்கியத்தில் மூன்று பொருள்.

மூன்றாவது பொருளைத்தான் இப்போது எண்ணாக்கி "கிரெடிட் ஸ்கோர்" என்கிறார்கள். சிபில் நிறுவனம் தரும் மதிப்பெண் 300-லிருந்து 900 வரை. நாம் வாங்கிய கடனை ஒழுங்காகக் கட்டினோமா என்பதன் அடையாளம் அது. ஆண்டுக்கு ஒரு முறை அந்த அறிக்கையைக் கட்டணமில்லாமல் பெறலாம். மற்றவருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டதும் அதில் ஏறும். அவர் கட்டாவிட்டால் குறைவது நம் மதிப்பெண்ணும்தான். "சும்மா ஒரு கையெழுத்து அண்ணாச்சி" என்று யாராவது வந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

வரியில் கிரெடிட்

2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. வந்தது. அதோடு "இன்புட் கிரெடிட்" என்ற சொல்லும் நம் கடைக்குள் வந்தது. இங்கே கிரெடிட் என்றால் கடன் அல்ல, வரவு. அரசின் ஏட்டில் நம் பெயருக்கு இருக்கும் வரவு. கொள்முதலில் நாம் கட்டிய வரியை விற்பனையில் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் உரிமை அது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10,000 ரூபாய்க்குச் சோப்பு வாங்குகிறோம். 5 சதவீத வரி 500 ரூபாய். அதையே 11,200 ரூபாய்க்கு விற்கிறோம். வரி 560 ரூபாய். கொள்முதலில் கட்டிய 500 வரவாக இருப்பதால் அரசுக்குக் கட்ட வேண்டியது 60 ரூபாய்தான். அந்த 500 வரவு கைவிட்டுப் போனால் 560-ஐயும் கையிலிருந்து கட்ட வேண்டும். நமக்கு 1,200 ரூபாய் லாபம் என்று நினைத்த வியாபாரத்தில் 500 போனால் மிச்சம் என்ன என்று நீங்களே பாருங்கள்.

இந்த வரவு நான்கு வழிகளில் போகும். கவனமாகப் படியுங்கள்.

ஒன்று. நமக்கு விற்றவர் தம் கணக்கில் அந்தப் பட்டியலைக் காட்டியிருக்க வேண்டும். அவர் காட்டினால்தான் ஜி.எஸ்.டி.ஆர்.-2பி என்ற தாளில் நம் பெயருக்கு வரும். 2022 ஜனவரி 1 முதல் அதில் வராத வரவை எடுக்க முடியாது. ஆகவே மாதா மாதம் அந்தத் தாளையும் நம் கொள்முதல் பட்டியல்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். விடுபட்டதை உடனே கேட்டு வாங்க வேண்டும். இதற்குக் கெடு உண்டு. நிதியாண்டு முடிந்த பின் வரும் நவம்பர் 30, அல்லது ஆண்டு அறிக்கை தாக்கல் செய்த நாள், இரண்டில் எது முந்தியோ அதற்குள் எடுத்துவிட வேண்டும்.

இரண்டு. சரக்கு கெட்டுப்போனாலோ, திருட்டுப் போனாலோ, இலவசமாகக் கொடுத்தாலோ அதற்கு எடுத்த வரவைத் திருப்பிவிட வேண்டும். எலி கடித்த மூட்டைக்கும் இதுவே விதி.

மூன்று. காம்போசிஷன் என்ற இணக்க முறையில் இருக்கும் வியாபாரிக்கு இந்த வரவு கிடையாது. ஆண்டு விற்றுமுதல் ஒன்றரைக் கோடி வரை உள்ள வியாபாரிகள் 1 சதவீதம் கட்டும் முறை அது. அவர் தம் பட்டியலில் வரி வசூலிக்கவும் கூடாது. ஆகவே அவரிடம் வாங்குபவருக்கும் வரவு இல்லை.

நான்கு. இதுதான் நம் சீமைக்கு முக்கியமானது. பட்டியல் தேதியிலிருந்து 180 நாளுக்குள், விற்றவருக்கு நாம் பணம் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காவிட்டால் எடுத்த வரவைத் திருப்ப வேண்டும், வட்டியும் சேரும். பணம் கொடுத்த பிறகு வரவை மறுபடி எடுத்துக்கொள்ளலாம், ஆனால் வட்டி போனது போனதுதான்.

நம் ஊர்ப் பழக்கத்தை நினைத்துப் பாருங்கள். புரட்டாசி, ஐப்பசியில் மழையைப் பார்த்து மிளகாய் போடுகிறார்கள். அப்போதிருந்தே வீட்டுச் சாமான் எல்லாம் கடையில் பாக்கிக்குத்தான். மாசி, பங்குனியில் பழம் எடுத்துக் காயவைத்து விற்ற பிறகுதான் பாக்கி தீரும். சில வருடம் சித்திரை வரை இழுக்கும். சில்லரைக் கடைக்காரருக்கு அப்போதுதான் பணம் வரும், அவர் எங்களைப் போன்ற மொத்த வியாபாரிக்கு அப்போதுதான் கொடுப்பார். தலைமுறை தலைமுறையாக இதுதான் வழக்கம்.

இப்போது நாளை எண்ணுங்கள். அக்டோபர் 20-ஆம் தேதிப் பட்டியல் என்றால் ஏப்ரல் 18-இல் 180 நாள் முடிந்துவிடும். மிளகாய்ப் பருவத்தின் நீளமும் சட்டம் தந்த கெடுவும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கின்றன. சந்தையில் விலை இறங்கி, விவசாயி மூட்டையைக் கட்டி வைத்துவிட்டால் கெடு தாண்டிவிடும். நாம் வாங்கிய கிரெடிட் நீண்டால் நமக்கு வர வேண்டிய கிரெடிட் போய்விடும். கடன் என்ற கிரெடிட், வரவு என்ற கிரெடிட்டைத் தின்றுவிடும். மொத்த வியாபாரி கேட்காமல் இருக்கிறாரே என்று சந்தோஷப்பட வேண்டாம். பட்டியலின் மேல் 150-ஆம் நாளைச் சிவப்பு மையால் எழுதி வையுங்கள். என் வாடிக்கையாளர்களுக்கு நானே அப்படி எழுதித்தான் கொடுக்கிறேன்.

2025 செப்டம்பர் 22 அன்று சோப்பு, பற்பசை, தலை எண்ணெய் போன்றவற்றின் வரி 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. 18 கட்டி வாங்கி வைத்த சரக்கை 5 போட்டு விற்க வேண்டி வந்தது. அந்த வரவு செல்லாதோ என்று பயந்து சிலர் பழைய வரியிலேயே விற்றார்கள். அது தவறு. முறையாக எடுத்த வரவு ஏட்டில் இருக்கும், வரும் மாத வரிகளில் கழித்துக்கொள்ளலாம். முழு வரிவிலக்குப் பெற்ற சரக்குக்கு மட்டும்தான் கணக்கு வேறு. அதற்கு வரவைத் திருப்ப வேண்டும்.

சிறு உற்பத்தியாளரிடம் வாங்கினால்

"கிரெடிட் பீரியட்" என்றால் கடன் கெடு. அப்பளம், மசாலா, முறுக்கு செய்யும் சிறு தொழில்காரர்களிடம் நாம் வாங்குகிறோம். அவர்கள் குறு, சிறு நிறுவனமாகப் பதிவு செய்திருந்தால், எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளிலும், ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் பணம் கொடுத்துவிட வேண்டும். கெடு தாண்டி ஆண்டுக் கடைசியில் பாக்கி நின்றால், அந்தத் தொகையை அந்த ஆண்டின் செலவாக வருமான வரியில் கழிக்க முடியாது. பணம் கொடுத்த ஆண்டில்தான் கழிக்கலாம். 2024 ஏப்ரல் 1 முதல் இது நடப்பில் இருக்கிறது. வாங்கி விற்கும் வியாபாரிக்குத் தர வேண்டிய பாக்கிக்கு இந்த விதி இல்லை. செய்து விற்பவருக்கும் சேவை தருபவருக்கும் உண்டு.

குறுஞ்செய்தியில் கிரெடிட்

இப்போது புதிதாக வந்திருக்கும் ஆபத்து இது. மார்கழித் திருவாதிரைக்கு எங்கள் ஊரில் கூட்டம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சந்தனம் களைந்த மரகத நடராசரைத் தரிசிக்க ஆண்டுக்கு அந்த ஒரு நாள்தான். அப்படி ஒரு நாளில் சிறிய கடை வைத்திருக்கும் ஒரு அம்மாவிடம் காரில் வந்த ஒருவர் 6,000 ரூபாய்க்குச் சாமான் எடுத்தார். "அக்கா, பணம் போட்டுட்டேன், பாருங்க" என்று தம் கைபேசியைக் காட்டினார். அந்த அம்மாவின் கைபேசிக்கும் ஒரு செய்தி வந்தது. "கிரெடிட்" என்ற சொல்லும் 6,000 என்ற எண்ணும் இருந்தன. கூட்ட நெரிசலில் சாமானைக் கட்டிக் கொடுத்துவிட்டார். மறுநாள் வங்கிக் கணக்கில் பணம் இல்லை. அந்தச் செய்தியை அனுப்பியது வங்கி அல்ல, அந்த ஆளே.

அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. 1986-இல் தாளில் ஒரு சொல்லைப் பார்த்து நான் பணம் அனுப்பினேன். இவர் கைபேசியில் அதே சொல்லைப் பார்த்துச் சாமானைக் கொடுத்தார். அதே கேள்விதான் இருவரையும் காப்பாற்றியிருக்கும். யாருடைய ஏட்டில் கிரெடிட்? அவர் காட்டிய திரை அவருடைய ஏடு. வந்த செய்தி யாரும் எழுதக்கூடிய துண்டுச் சீட்டு. நம் வங்கியின் ஏட்டில், நம் செயலியைத் திறந்து நாமே பார்த்த வரவுதான் வரவு. ஒலிப்பெட்டி வைத்திருப்பவர்கள் அது சொல்லும் வரை பொறுத்திருங்கள்.

இன்னொன்று. பணம் வாங்குவதற்கு ரகசிய எண் தேவையில்லை. "உங்களுக்குக் கிரெடிட் ஆக வேண்டும், எண்ணைப் போடுங்கள்" என்று யாராவது சொன்னால் பணம் நம்மிடமிருந்து போகப் போகிறது என்று பொருள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். தாமதம் ஆக ஆகப் பணம் கைமாறிப் போய்விடும்.

பாக்கிக்கு வயது உண்டு

நாம் கொடுத்த கடனுக்கும் சட்டத்தில் ஒரு கெடு இருக்கிறது. சரக்கு கொடுத்த பாக்கிக்கு மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போடாவிட்டால் காலாவதியாகிவிடும். ஆனால் அந்த மூன்று ஆண்டு முடிவதற்குள் "இவ்வளவு பாக்கி உண்டு" என்று அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அன்றிலிருந்து மறுபடி மூன்று ஆண்டு தொடங்கும். வருடா வருடம் கணக்கு முடித்துப் பாக்கிக்குக் கையெழுத்து வாங்கும் பழைய வழக்கம் சும்மா ஏற்பட்டதல்ல. சண்டைக்காரன் போல் கேட்க வேண்டாம். "அண்ணே, புதுக் கணக்கு எழுதுறோம், பழைய பாக்கியைப் பார்த்து ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க" என்றால் யாரும் முகம் சுளிப்பதில்லை.

கிரெடிட் தொழிலின் பெருமையையும் ஆபத்தையும் நம் பக்கத்து நாட்டுக்கோட்டைச் செட்டியார்களைப் போல் கண்டவர்கள் இல்லை. பர்மாவில் நெல் விவசாயத்துக்குக் கடன் கொடுத்து அந்த நாட்டை அரிசிக் களஞ்சியமாக்கியதில் அவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. 1930-களில் உலக மந்தத்தில் நெல் விலை விழுந்தது. விவசாயிகளால் கடனைக் கட்ட முடியவில்லை. ஈடாக இருந்த நிலங்கள் கடன் கொடுத்தவர் கைக்கு வந்தன. 1938 வாக்கில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால் பங்கு நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. ஏட்டில் அது சொத்து. ஆனால் ஊர்க்காரர்கள் நம்பிக்கை போய்விட்டது. 1942-இல் ஜப்பானியர் படையெடுப்பு, 1948-க்குப் பின் நில நாட்டுடைமைச் சட்டம், எல்லாம் கைவிட்டுப் போயின. ஈட்டை நம்பிக் கொடுத்த கடன், ஈடு கைக்கு வந்த பிறகும் தீராது என்பதே இதில் நமக்குப் பாடம்.

கடைசிப் பொருள்

ஒரு வேலையைச் செய்தவருக்குப் பெயர் கொடுப்பதையும் ஆங்கிலத்தில் கிரெடிட் என்பார்கள். சினிமாவில் பெயர்கள் ஓடுவது அதுதான். என் பேரன் கல்லூரியில் ஒவ்வொரு பாடத்துக்கும் இத்தனை கிரெடிட் என்கிறான். அதுவும் அவன் கணக்கில் ஏறும் வரவுதான். குடும்பத்துக்குக் கிரெடிட் என்றால் பெருமை. எல்லாம் அந்த நம்பிக்கை என்ற வேரில் கிளைத்தவை.

நம் தமிழும் இதில் குறைந்ததல்ல. கடன் என்றால் வாங்கிய பணம் மட்டும் அல்ல, செய்ய வேண்டிய கடமையும்தான். நாணயம் என்றால் காசு, நேர்மையும் அதே சொல். பற்று என்றால் ஏட்டில் எழுதுவது, மனதில் வைக்கும் அன்பும் பற்றுதான்.

என் தகப்பனார் அடிக்கடி சொன்ன ஒரு சம்பவத்தோடு முடிக்கிறேன். 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அங்கே ஒரு சிறு கடைக்காரர் எங்களிடம் கருப்பட்டியும் வற்றலும் வாங்கி விற்று வந்தார். 140 ரூபாய் பாக்கி. கடை போயிற்று, வீடு போயிற்று, உறவில் சிலரும் போனார்கள். அப்பா அந்தக் கணக்கின் மேல் ஒரு கோடு போட்டு மூடிவிட்டார். இரண்டு வருடம் கழித்து அவர் வந்தார். இராமேஸ்வரத்தில் ஒரு பெட்டிக்கடை போட்டிருந்தார். துண்டில் முடிந்து வைத்திருந்த பணத்தை எடுத்து வைத்தார்.

அப்பா, "நான் அந்தக் கணக்கை அடிச்சிட்டேன்யா, நீங்க கொண்டுபோங்க" என்றாராம்.

அதற்கு அவர், "உங்க நோட்டுல அடிச்சிட்டீங்க முதலாளி. என் நோட்டு கடல்ல போச்சு, யார் அடிக்கிறது?" என்றாராம்.

அப்பா பணத்தை வாங்கிக்கொண்டார். அன்றே கேட்காமல் 200 ரூபாய்ச் சரக்கைக் கட்டிக் கொடுத்தார். அந்தக் கணக்கு அவர் மகன் காலம் வரை நடந்தது.

யாருடைய ஏட்டில் என்ற கேள்வியை ஆடிட்டர் எனக்குச் சொல்வதற்கு இருபது ஆண்டு முன்பே அந்தக் கடைக்காரர் என் தகப்பனாரிடம் கேட்டுவிட்டார்.

பயிற்சி

கீழே உள்ள ஐந்து வாக்கியங்களில் கிரெடிட் எந்தப் பொருளில் வருகிறது என்று முதலில் நீங்கள் சொல்லிப் பாருங்கள். பிறகு விடையைப் பாருங்கள். கடைப் பையன்களையும் கேளுங்கள்.

1. கம்பெனி 30 நாள் கிரெடிட் தருகிறது.
2. கம்பெனியிலிருந்து கிரெடிட் நோட் வந்திருக்கிறது.
3. சி.சி. கணக்கில் இன்னும் ஒரு லட்சம் கிரெடிட் இருக்கிறது.
4. இந்த மாதம் 4,000 ரூபாய் இன்புட் கிரெடிட்.
5. பஜாரில் அவருக்கு நல்ல கிரெடிட்.

விடை: 1. கடன் கெடு, 30 நாளில் கொடுக்க வேண்டும். 2. கம்பெனி ஏட்டில் நமக்கு வரவு, நம் பாக்கி குறையும். 3. இன்னும் வாங்கக்கூடிய கடன், நம் பணம் அல்ல. 4. அரசின் ஏட்டில் நமக்கு வரவு, வரியில் கழியும். 5. நாணயம்.

ஐந்தையும் சரியாகச் சொன்னவர்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். எனக்கு இந்தப் பாடம் 5,280 ரூபாய்க்கு வந்தது. உங்களுக்கு இந்த இதழின் சந்தாவோடு வந்துவிட்டது.